மஞ்சுளா அடித்த சின்னக் குறடு

"நானே செஞ்சு தாரனுங்க பாய்" என்று மஞ்சுளா சொன்னதும், பக்கத்தில் நின்ற அவள் கணவன் பூபதி வாயிலிருந்த டீயை விழுங்க மறந்துபோனான்.

மல்லசமுத்திரத்தில் சாலையோரம் அவர்களுடைய கொல்லுப்பட்டறை. கெங்கவல்லிப் பக்கமிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த மஞ்சுளா, வந்த மூன்றாம் மாதமே சம்மட்டியைத் தூக்கிவிட்டாள். பூபதி குறட்டில் இரும்பைப் பிடித்துக்கொண்டு, சின்னச் சுத்தியலால் ஓர் இடத்தில் தட்டிக் காட்டுவான். அந்த இடத்தில் இவள் சம்மட்டி விழும். பதினேழு வருஷம் இப்படியே ஓடிவிட்டது. அடிப்பவள் அவள், ஊரார் வாயில் மட்டும் அது "பூபதி அடிச்ச அருவா". தோள்வலியைக்கூடப் பொறுத்துக்கொள்வாள், அந்தப் பேச்சுத்தான் பொறுக்காது. முதல் சூட்டிலிருந்து கடைசித் தட்டு வரை தன் கையாலேயே ஒரு பொருள் செய்துவிட வேண்டும், அதைத் தன் வேலை என்று நாலு பேர் சொல்ல வேண்டும். இதுதான் அவள் ஆசை.

சேலத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஷஃபியுல்லா பாய்தான் அந்த வாய்ப்பைக் கொண்டுவந்தார். வெள்ளியில் கோடு போடும் குட்டி உளிகள் அவருக்கு வேண்டும். கடையில் வாங்குவது ஒரே வாரத்தில் முனை மழுங்கிப்போகிறதாம். விரல் நீளத்தில், நாலு எம்.எம். தடிமனில் பன்னிரண்டு எஃகுத் துண்டுகளைக் கொடுத்தார்.

"இதுல ஆறு உளி ஒழுங்கா வந்தாப் போதும்மா. சனிக்கிழமை வரேன். நல்லா இருந்தா எங்க பட்டறைக்கு வேணுங்கற அத்தனையும் இனி இங்கதான்."

அவர் போனதும் பூபதி சிரித்தான். "பல்லுக் குத்தற குச்சிக்கு ஒரு உலையா புள்ள?"

சிரித்தவன் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும், ஏனென்றால் அன்று சாயங்காலத்துக்குள் இரண்டு துண்டுகள் காலி. பட்டறையில் தொங்கிய ஏழு குறடுகளும் கடப்பாரைக்கும் மண்வெட்டிக்கும் பிறந்தவை. முழுக்க மூடினாலும் வாயில் சந்து இருந்தது. துண்டு நழுவிக் கரிக்குள் விழுந்து, தேடி எடுப்பதற்குள் மத்தாப்பாகப் பொரிந்து தீர்ந்தது. நழுவாமல் பிடித்தாலும் தொல்லைதான். அந்தத் தடித்த வாய் துண்டின் சூட்டை உறிஞ்சிக்கொள்ள, பட்டறைக்கல்லுக்கு வருமுன்பே சிவப்பு அடங்கிவிட்டது.

மறுநாள் ஒயர் வேலைக்கு வைத்திருந்த கட்டிங் பிளேயரை எடுத்தாள். அதன் பல் எஃகைக் கடித்துத் தழும்பாக்கியது, கைப்பிடி ரப்பர் உருகிக் கையில் ஒட்டியது. மூன்றாவது துண்டும் போயிற்று. ஒன்பதுதான் பாக்கி.

அப்போதுதான் அவளுக்கு வேகம் வந்தது. உளியை விடு, முதலில் குறட்டைச் செய் என்று முடிவு கட்டினாள். எதில் செய்வது? நாமக்கல் சீமையில் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. லாரியிலிருந்து கழற்றிய பழைய ஸ்பிரிங் பட்டை இருக்கும்போது வேறு இரும்பைத் தொடுவார்களா? அரிவாளும் அதுதான், கொடுவாளும் அதுதான். பட்டையிலிருந்து மெல்லிசாக இரண்டு கீற்று வெட்டி, நீட்டி, ஆணி அடித்து அழகான குறடு ஒன்றை மத்தியானத்துக்குள் முடித்துவிட்டாள். அது துண்டைப் பல்லி பூச்சியைப் பிடிப்பது போலப் பிடித்தது. மஞ்சுளாவுக்குத் தலைகால் புரியவில்லை. சூடேறிய வாயை வழக்கம்போலத் தொட்டித் தண்ணீரில் முக்கி எடுத்துவிட்டு, அடுத்த சூட்டுக்கு அழுத்திப் பிடித்தாள். டக்கென்று ஒரு பக்கத்து வாய் முறிந்து, பிடித்திருந்த துண்டோடு கரிக்குள் விழுந்தது. நாலாவது துண்டும் போயிற்று.

அவள் முறிந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பட்டையைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் கண்ணாடிபோல விறைத்துப்போகும் என்பது அவளுக்குத் தெரியாததா? அரிவாளுக்குப் பதம் ஏற்றுவதே அப்படித்தானே. ஆனால் குறட்டை நாளைக்கு நூறு தடவை முக்கியாக வேண்டும். விறைத்த இரும்பு அதைத் தாங்குமா? தன் மேலேயே அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

"ஏனுங்க, அந்தப் பழைய ஜன்னல் கம்பி எங்கீங்க?"

"அது வெறும் பச்சை இரும்பு புள்ள. அதுல என்னத்தப் பண்ணுவ?"

"அதுதானுங்க வேணும். எத்தனை தடவை தண்ணியில போட்டாலும் அது விறைக்காது. சம்மட்டிய எடுங்க."

பூபதி எடுத்தான். அவள் கம்பியைப் பிடித்துத் தட்டிக் காட்டினாள், அவன் ஓங்கி அடித்தான்.

"தேங்கா ஒடைக்கிற மாதிரி அடிக்காதீங்க. மெதுவா, இங்க."

அவனுக்கு வியர்த்துக் கொட்டியது. அவளுக்கோ கையும் காலும் பரபரத்தன. பிடியை நீளமாக, ஒல்லியாக இழுத்தாள். ஆணியை வாய்க்குப் பக்கத்திலேயே வைத்தாள், அப்போதுதான் லேசாக அழுத்தினாலும் பிடி இறுகும். வாயை மெலிய அடித்தாள். கடைசியாக, அந்த வாய் இரண்டையும் சிவக்கக் காய்ச்சி, நடுவே ஆறிய எஃகுத் துண்டு ஒன்றைக் கொடுத்து மேலிருந்து தட்டினாள். துண்டு தன் படுக்கையைத் தானே செய்துகொண்டது. இரண்டு பக்கமும் அரை வட்டமாகப் பள்ளம் விழுந்திருந்தது. பிடியின் மேல் ஒரு வளையத்தை ஏற்றி நெருக்கியதும், கையை விட்டாலும் துண்டு அசையவில்லை. தலைகீழாகப் பிடித்து உதறிப் பார்த்தாள். அப்போதும் அசையவில்லை. தொட்டியில் முக்கினாள், எடுத்தாள், மறுபடி காய்ச்சி முக்கினாள். ஒன்றும் ஆகவில்லை. மஞ்சுளா வாய்விட்டுச் சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை முழுக்க உளி வேலை. குறட்டின் அழகைப் பார்த்துக்கொண்டே நின்றதில் ஒரு துண்டைக் கரிய விட்டாள், அதற்குத் தன்னையே திட்டிக்கொண்டாள். மீதி ஏழும் தேறின.

சனிக்கிழமை காலை ஷஃபியுல்லா வந்தார். வெள்ளித் தகடு ஒன்றைக் கட்டைமேல் வைத்து, ஓர் உளியை நிறுத்தித் தட்டினார். மயிரிழையாகக் கோடு விழுந்தது. ஐம்பது கோடு போட்டபின் முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். மழுங்கவுமில்லை, உதிரவுமில்லை.

"பூபதி, இதே மாதிரி எண்பது வேணும். எப்பக் கெடைக்கும்?"

"என்னையக் கேட்டா எனக்கென்னங்க பாய் தெரியும்? செஞ்சவ அவ. அவளக் கேளுங்க."

ஷஃபியுல்லா அவள் பக்கம் திரும்பினார். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"தப்புத்தாம்மா. உங்க நம்பரச் சொல்லுங்க, 'மஞ்சுளா உளி'ன்னு போட்டுக்கறேன். இனி நேரா உங்களுக்கே பேசிடறேன்."

மஞ்சுளா வாயைத் திறந்தாள். எண் வரவில்லை. ஆறு வருஷமாகக் கையில் வைத்திருக்கும் போன்தான், ஆனால் அந்த எண்ணை இதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை. அவள் முகம் சிவந்து நின்றபோது, பூபதி சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பத்து இலக்கத்தையும் ஒவ்வொன்றாக, தடுமாறாமல் சொன்னான்.