எல்லோருக்கும் செல்லசாமி

நாகலெட்சுமி நல்லதண்ணிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். கம்ப்யூட்டர் படித்து, நுவரெலியாவில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லாத தோட்டத்து மக்களின் விபரங்களைத் திரட்டி, அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க உறுதிக் கடிதம் கொடுக்கும் நிறுவனம் அது. ஒன்பதாயிரம் பேரின் விபரங்களை அவரே கணினியில் ஏற்றியிருந்தார்.

2007இல் தலைமையகம் எல்லாவற்றையும் கொழும்பிலிருந்த இரண்டு சேர்வர்களுக்கு மாற்றியது. ஒவ்வொன்றுக்குள்ளும் தனிக் கணினி போலவே இயங்கும் ஒரு வேர்ச்சுவல் மெஷின். ஒன்றில் பதிவது அந்த நொடியே மற்றதிலும் பதியும். ஒன்று விழுந்தால் மற்றது வேலையைத் தொடரும். அதை அமைத்தவர் குகநேசன், யாழ்ப்பாணத்துக்காரர்.

“இனி நிக்கவே நிக்காது, அக்கா” என்றார் தொலைபேசியில்.

தினமும் காந்த நாடாவில் பிரதி எடுத்து வைக்கும் பழக்கம் அதோடு நின்றது.

“பழையபடி காப்பி எடுக்க வேணாங்களா?”

“ரெண்டு மெஷின் இருக்குத்தானே. பேந்தென்னத்துக்கு?”

நாகலெட்சுமி தலைமையகத்துக்கு இரண்டு முறை எழுதினார். பதில் வரவில்லை.

மறு ஆண்டு ஜூன் மாதம், உடப்புசல்லாவையிலிருந்து கந்தப்பன் வந்தார். கொழும்பில் காவலாளி வேலை கிடைத்திருந்தது. அடையாள அட்டை இல்லாமல் சேர முடியாது. அச்சான கடிதத்தை வாசித்துவிட்டுத் தயங்கினார்.

“மிஸ், எங்க அப்பா பேரு அழகனுங்க. இதுல செல்லசாமின்னு இருக்கே?”

நாகலெட்சுமி திரையில் பார்த்தார். செல்லசாமிதான். அடுத்த ஆளின் தகப்பனும் செல்லசாமி. அதற்கடுத்த ஆளுக்கும் அப்படியே. பதறிப்போய்த் தன் அம்மாவின் பதிவைத் திறந்தார். தாத்தாவின் பெயர் இருக்க வேண்டிய இடத்திலும் செல்லசாமி.

குகநேசனை அழைத்தார்.

“காலமை ஒராளின்ர தகப்பன் பேரைத் திருத்தினனான், அக்கா. எந்த ஆள் எண்டு குறிக்க மறந்திட்டன். எல்லாருக்கும் மாறிட்டுது.”

“ரெண்டாவது மெஷின்ல பாருங்க தம்பி!”

“அதிலயும் அப்பிடித்தான். உடனேயே போயிட்டுது.”

அந்த மாத அறிக்கையில், கணினி ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை என்று தலைமையகம் எழுதியது. அது உண்மைதான்.

பத்து மாதத்துக்கு முந்தைய நாடா ஒன்று கிடைத்தது. பெரும்பாலோரின் விபரம் அதிலிருந்து மீண்டது. அதற்குப் பிறகு பதிந்த ஆயிரத்து அறுநூறு பேருடையது மீளவில்லை. கணினியில் ஏற்றி முடித்த காகிதப் படிவங்களை எரித்துவிட வேண்டும் என்பது விதி, எரித்திருந்தார்கள். கந்தப்பனும் அந்த ஆயிரத்து அறுநூறில் ஒருவர். மறுபடி பதிய, தகப்பனைத் தெரிந்த இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டும். முன்பு சொன்னவர்களில் ஒருவர் இறந்துபோயிருந்தார்.

“நான்தான் சொல்றேனேங்க மிஸ், அழகன்னு.”

நாகலெட்சுமிக்கும் தெரியும். அந்தப் பெயரைத் தட்டெழுதியதே அவர்தான். ஆனால் அவர் சொல் சாட்சியாகாது.

கொழும்பு வேலைக்கு வேறொருவரை எடுத்துக்கொண்டார்கள். நாகலெட்சுமி சனிக்கிழமைகளில் படிவங்களோடு லயம் லயமாக ஏறி இறங்கினார். பலர் தோட்டத்தை விட்டே போயிருந்தார்கள். கந்தப்பனுக்கு இன்னொரு சாட்சி கிடைத்து அட்டை வரப் பதினான்கு மாதம் ஆயிற்று. அதைச் சொல்ல நாகலெட்சுமியே அழைத்தார்.

“சரிங்க மிஸ்” என்றார் கந்தப்பன்.