சாவி போடுவதற்கு முன்

கும்மிடிப்பூண்டியில் வேலை செய்தபோது பிரஸ் மெஷினில் மாட்டி என் வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. இனி ஸ்பானர் பிடிக்கிற வேலை ஆகாது என்று எல்லோரும் சொன்னார்கள். அதற்காகவே என் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினைப் பழுது பார்க்க அதன் மேல் மூடியான சிலிண்டர் ஹெட்டை நானே கழற்றினேன்.

வால்வுகளை மட்டும் ஆரணியில் ஒரு லேத் பட்டறையில் தேய்த்து வாங்கினேன். மற்ற வேலையெல்லாம் என்னுடையது. உதவிக்கு வந்த மனைவி கோமதியைக்கூட விரட்டிவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து, ஹெட்டைப் பூட்டி, வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் டைமிங் செயினையும் மாட்டிவிட்டு, ஒரு ஞாயிறு காலை சாவி போட உட்கார்ந்தேன். கோமதி வந்து நின்றாள். அவளும் கம்பெனியில் மெஷின் ஓட்டுபவள்.

“இன்னாய்யா அவசரம்? நாங்கல்லாம் மெஷின கையால சுத்திப் பாத்துட்டுதான் கரண்டு போடுவோம். நீ பாத்தியா?”

“அதெல்லாம் கரெக்டாத்தான் கீது.”

“அப்ப சுத்திக் காட்டு.”

எரிச்சலோடு இறங்கி, ஸ்பானரைப் போட்டு எஞ்சினைச் சுற்றினேன். அரைச் சுற்றில் டக்கென்று நின்றுவிட்டது. செயினைப் பல்சக்கரத்தில் சில பற்கள் தள்ளி மாட்டியிருக்கிறேன். வால்வு பிஸ்டனில் இடிக்கிறது! சாவியைத் திருப்பியிருந்தால் வால்வுகள் வளைந்து அத்தனை உழைப்பும் வீணாகியிருக்கும்.

கோமதி டார்ச் அடித்து, பல்சக்கரங்களில் நேராக நிற்க வேண்டிய குறிகளைப் பார்த்துச் சொல்ல, செயினை மறுபடி மாட்டினேன். அன்று மாலையே வண்டி உறுமியது.

இப்போதெல்லாம் எஞ்சினைப் பிரித்துப் பூட்டினால், கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றாமல் சாவி போடுவதில்லை. குறிகளைக் கோமதியும் ஒருமுறை பார்த்துவிடுகிறாள். ஆனால் வேலையை நான் விடவில்லை. அடுத்து கியர்பாக்ஸைப் பிரிக்கப் போகிறேன். என்னால் முடியாது என்பவர்கள் தாராளமாக வந்து பார்க்கலாம்.