காரைக்காலில் பாதி, சாந்தன்பாறையில் ஒன்றுமில்லை

எழுபதுகளில் இடுக்கி மலைமேல் ஒரு கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தேன். கட்சிக்காரர் முகத்தைவிட வாய்தாவை அதிகம் பார்த்த உத்தியோகம். நான் சேர்ந்த அன்றைக்கே வந்த கேஸ் அருள்மேரியுடையது.

சாந்தன்பாறையில் அப்பாவின் ஏலத்தோட்டத்தில் களை வெட்டி, காய் உலர்த்தி, அங்கேயே குடியிருந்தவள். உயில் எழுதாமல் அப்பா இறந்ததும், காரைக்காலில் இருந்த அண்ணன் தோட்டத்தை விற்கப்போவதாகச் சொல்லி அவளைக் காலிசெய்யச் சொன்னான்.

"அப்பாவோட காரைக்கால் வீட்டுல எனக்குப் பாதி எழுதியாச்சு சார். இதக் காட்டுனா இங்கயும் முடிஞ்சிரும்ல?" என்று அந்த ஊர் நொத்தேர், அதாவது பத்திரம் எழுதிப் பதியும் அதிகாரி, எழுதிய பத்திரத்தை நீட்டினாள். சாட்சி என்று ஒருவரையும் அழைத்து வரவில்லை. அங்கே தேவைப்படவில்லையாம்.

அவள் தாத்தா பிரெஞ்சுக்காரர் காலத்தில், சொந்த வழக்கம் வேண்டாம், அவர்கள் சட்டமே போதும் என்று தன் சந்ததிக்கும் சேர்த்து எழுதிக் கொடுத்தவர். அந்தச் சட்டம் ஒரே புத்தகம். மகனும் மகளும் அதில் சமம். நொத்தேர் புத்தகத்தைப் பிரித்தார், பங்கு பிரிந்தது. பிரான்ஸ், ஜெர்மனிப் பக்கமெல்லாம் அப்படித்தான் என்பார் எங்கள் வக்கீல். இங்கிலாந்து ஆண்ட ஊர்களில் சட்டம் பாதி, முன்னால் வந்த தீர்ப்புகள் பாதி. அந்தத் தீர்ப்புப் புத்தகங்களைச் சுமந்து, பக்கத்துக்குப் பக்கம் துண்டுத்தாள் செருகுவதுதான் என் வேலை. தோள்வலி இன்னும் போகவில்லை.

இதே மாநிலத்துச் சித்தூர்க்காரரான வக்கீல் ஓய்ந்துபோய்ச் சொன்னார்: "ஏனுங்கம்மா, நெலம் எங்க கெடக்குதோ அந்த ஊர்ச் சட்டந்தானுங்க அதுக்கு. இது பழைய திருவிதாங்கூர் மண்ணு; கல்யாணத்துல ஸ்திரீதனம், அதானுங்க சீதனம், வாங்குன கிறிஸ்தவப் பொண்ணுக்கு அப்பன் நெலத்துல பங்கில்லைங்கிது திருவிதாங்கூர்ச் சட்டம். நீங்களும் வாங்கியிருக்கீங்க. அத மீறி ஒரு தீர்ப்பு கெடைக்குதான்னு தேடறேனுங்க."

தேடினோம், வருஷக்கணக்கில். ஒன்றுகூட இல்லை. கேஸ் தோற்றது.

கோர்ட் வராந்தாவில் அருள்மேரி என்னிடம் கேட்டாள்: "அங்க நான் எங்கப்பாவுக்குப் புள்ள. மல ஏறுனா இல்லையா?" நான் புத்தகக் கட்டைத் தோளில் ஏற்றிக்கொண்டேன்.

புதிதாக வரும் குமாஸ்தாக்களுக்கு ஒன்று சொல்வேன். வந்தவர் பக்கம் நியாயம் இருக்கிறதா என்று பிறகு பாருங்கள். நிலம் எந்த ஊரில் என்று முதலில் கேளுங்கள். நம் முறையில் சட்டம் மாற யாராவது கோர்ட் ஏறியாக வேண்டும். முதலில் ஏறுகிறவர் பெரும்பாலும் தோற்றுத்தான் இறங்குவார்.

பல வருஷம் கழித்து, வேறொரு பெண் தொடுத்த வழக்கில், அந்தத் திருவிதாங்கூர்ச் சட்டம் 1951-லிருந்தே செல்லாது என்று டெல்லி சுப்ரீம் கோர்ட்டில் தீர்ப்பாயிற்று. புத்தகம் வந்ததும் பழக்கதோஷத்தில் அந்தப் பக்கத்தில் துண்டுத்தாள் செருகினேன். தோட்டம் அதற்குள் இரண்டு கை மாறியிருந்தது. அருள்மேரி எந்த ஊரில் இருக்கிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை.