சதுரங்கப்பட்டினத்து வெறும் அஸ்திவாரம்

பத்து வயதில் நான் ஒரு அதிகாரியின் உத்தியோகத்தைக் கவிழ்த்தேன். தேவைப்பட்டதெல்லாம் ஒரு விரல்நகமும், படம் உள்ளே வந்துவிட்டதா என்று பார்க்கும் ஆவலும்தான். அறிவு இருந்திருந்தால் காரியம் கெட்டிருக்கும்.

அந்த அதிகாரி என் அத்தை, அப்பாவின் தங்கை. வீட்டுக்கடன் கொடுக்கும் கம்பெனி ஒன்றின் செங்கல்பட்டுக் கிளைக்கு மேனேஜர். அடுத்து மண்டல மேனேஜர், அந்த நாற்காலிக்கு முதல் பெண் என்று வீட்டில் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வார்கள். சத்தமாகச் சொன்னால் கண்பட்டுவிடுமாம். கட்டடம் எழும்ப எழும்பத்தான் கடன் கைக்கு வரும்: அஸ்திவாரத்துக்கு ஒரு பங்கு, சுவருக்கு ஒன்று, கூரைக்கு ஒன்று. நேரில் பார்த்து எழுதவேண்டும். அத்தை எழுதுவதோடு விடாமல் சொந்தக் காமிராவில் படமும் எடுப்பாள்.

காலாண்டு விடுமுறையில் சதுரங்கப்பட்டினத்துக்கு என்னையும் கூட்டிப்போனாள். பன்னிரண்டு வீடுகளுக்குச் சுவர் எழும்பியிருக்கவேண்டிய மனையில் அஸ்திவாரம்தான் இருந்தது. அதன்மேல் ஓர் ஆடு நின்றது. கான்டிராக்டர் இளநீரோடு வந்தார்.

"செவுரு அடுத்த வாரம் ஏறிடும் மேடம். இப்பவே எய்திக் குடுத்துடுங்க."

"ஏறட்டும். ஏறின செவுத்துல சாஞ்சிகினு எய்தறேன்."

இரண்டு படம் எடுத்தாள். திரும்பும் பஸ்ஸில் அவள் கண்ணயர்ந்ததும், திருக்கழுக்குன்றம் வருவதற்குள், காமிராவின் பின்கதவை நெம்பித் திறந்தேன். உள்ளே வீடும் இல்லை, ஆடும் இல்லை. ஏமாந்துபோய் மூடிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

சில மாதங்களில் கான்டிராக்டர் காணாமல் போனார். சுவருக்கான பணத்தைத் தலைமை அலுவலகத்தில் யாரோ அவருக்கு விடுவித்திருந்தார்கள். கூடாது என்று அத்தை எழுதிய அறிக்கை ஃபைலில் இல்லை. விசாரணைக்குக் கூப்பிட்டபோதும் அவள் கலங்கவில்லை. அந்த இரண்டு படமும் இருந்த, இன்னும் எடுத்து முடிக்காத ஃபிலிம் ரோல் காமிராவிலேயே இருந்தது. ஸ்டுடியோவுக்கு நானும் போனேன்.

"வெளிச்சம் பூந்துகீது மேடம். ஒண்ணும் தேறாது," என்றார் ஸ்டுடியோக்காரர்.

தான்தான் ரோலைச் சரியாகப் போடவில்லை என்று அத்தை நினைத்தாள். ஒரு ரோல் போடத் தெரியாதவளா மண்டலத்தைப் பார்த்துக்கொள்வாள் என்று விசாரணையில் சிரித்தார்களாம். வேலை போகவில்லை. பழைய ஃபைல்களை அடுக்கும் அறைக்குப் பொறுப்பாளராக்கினார்கள், ஓய்வு பெறும்வரை.

உத்தரவு வந்த அன்று காமிராவை என்னிடமே கொடுத்துவிட்டாள். அத்தைக்குப் பெரிய வேலை கிடைத்துவிட்டது, அதனால்தான் பரிசு என்று தெருவெல்லாம் காட்டித் திரிந்தேன். யாரும் திருத்தவில்லை. இல்லாத சுவருக்குப் பன்னிரண்டு குடும்பங்கள் மாதாமாதம் தவணை கட்டிக்கொண்டிருந்ததும் எனக்குத் தெரியாது.

போன வருஷம்தான் அத்தையிடம் உண்மையைச் சொன்னேன். பலமுறை ஒத்திகை பார்த்து, அழுவதற்கும் இடம் விட்டிருந்தேன். அவள் காபியை ஆற்றிக்கொண்டே கேட்டாள்.

"உன்னாலதான்னு இத்தினி வருஷமா நெனச்சிகினு இருந்தியா? நான் எய்தின ரிப்போர்ட்டையே கிழிச்சிப் போட்டவனுங்க, போட்டோவ மட்டும் ஃப்ரேம் போட்டு மாட்டியிருப்பானுங்களா? போ, அந்த டம்ளரக் கழுவி வை."