படம் முடிந்த பிறகு வந்த பெயர்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை அது. திருவண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டிய ஒரு கல்யாண மண்டபத்தில் நான் மேனேஜர். எனக்குக் கடிகாரம்தான் சாமி. நாலு மணிக்கு ஒரு வீட்டார் வருகிறார்கள் என்றால், மூன்றரைக்கே துடைப்பத்தோடு நின்று முன்னால் இருப்பவர்களைக் கிளப்பிவிடுவேன். அந்த அவசரத்தில்தான் அன்று ஒரு தாய்க்கு மன்னிக்க முடியாத காரியம் ஒன்றைச் செய்தேன்.

அன்று பகலில் மண்டபத்தில் துருக்கி சினிமா, இசை விழா. மாலையில் ஒரு கல்யாணத்தின் பெண் அழைப்பு. விழாவை நடத்தியவர் இங்கேயே பல வருடமாக வீடெடுத்துத் தங்கியிருக்கும் துருக்கிப் பெண். காய்கறிக் கடைகளில் பேரம் பேசியே தமிழ் கற்றுக்கொண்டவர். எங்களுக்கு அவர் விழாக்காரம்மா. "துருக்கி விழாவா, யாரு வரப்போறாங்க?" என்று நான் கேலி செய்தேன். பார்த்தால் ஹால் முக்கால்வாசி நிறைந்துவிட்டது.

காலையில் பாட்டு. நீளமான கழுத்துள்ள ஒரு தந்தி வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் பாடினார். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனாலும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் ஈரக் கையோடு கதவருகே வந்து நின்றுவிட்டார்கள். அவர்களை விரட்டப் போன நானும் சேர்ந்து நின்று கேட்டேன்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் முன் வரிசையில் துருக்கியிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். தலையில் வெள்ளைத் துணி, மடியில் கைப்பை. விழாக்காரம்மாவிடம் விசாரித்தேன். அவர் சொன்னது இது. அந்த அம்மாவின் மகன் சினிமாவில் ஒலிப்பதிவு வேலை செய்தவன். இந்த ஊருக்கு இரண்டு முறை வந்து மலையைச் சுற்றியிருக்கிறான். 'நான் வேலை செய்த படத்தை அந்த ஊர்ல காட்டணும்' என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தானாம். படம் முடிவதற்குள் விபத்தில் போய்விட்டான்.

"இன்னிக்கு அந்தப் படம் தாங்க. அவன் பேரு வரும். அதைப் பாக்கத்தான் வந்திருக்காங்க. சாயந்திரம் ஏர்போர்ட்டுக்குக் கெளம்புறாங்க" என்றார்.

எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. படம் ஆரம்பித்தபோது நானும் பின்னால் நின்று பார்த்தேன். பாதி அலங்காரம் செய்த மணமேடையில்தான் திரையைக் கட்டியிருந்தார்கள். தொடக்கத்தில் கொஞ்சம் பெயர்கள் ஓடின. சரி, பையன் பெயர் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். எனக்குத் தெரிந்த படங்களில் எல்லோர் பெயரையும் முதலிலேயே போட்டுவிடுவார்கள். கடைசியில் ஏதாவது ஓடினால் அது நாம் செருப்பைத் தேடும் நேரம்.

நாலு மணிக்குக் கதை முடிந்தது. திரை கறுப்பாகி எழுத்துகள் ஏறத் தொடங்கின. வாசலில் மாப்பிள்ளை வீட்டு வேன் ஹாரன் அடித்தது. நான் விறுவிறுவென்று போய் புரொஜெக்டர் சுவிட்சை அணைத்து, எல்லா விளக்கையும் போட்டேன்.

அந்த அம்மா எழுந்து நின்றார். வெறும் திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அழக்கூட இல்லை.

விழாக்காரம்மா ஓடி வந்தார். "இன்னாங்க இப்டி பண்ணிட்டீங்க? அவன் பேரு இனிமேதாங்க வரும்!"

சுவிட்சை மறுபடி தட்டினேன், எரியவில்லை. அணைத்த புரொஜெக்டர் சூடு ஆறினால்தான் மறுபடி எரியுமாம். அதற்குள் மாப்பிள்ளையின் பெரியப்பா உள்ளே வந்து, "இன்னும் காலி பண்ணலியா?" என்று சத்தம் போட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை. நடந்ததைச் சொல்லி, ஒரு கால் மணி நேரம் கேட்டேன்.

"நல்லா இருக்கே! பொண்ணு உள்ள வர்ற நேரத்துல, மணமேடையில செத்தவன் பேரைக் காட்டுவீங்களா?"

அவர் சொன்னதிலும் தப்பில்லை என்றுதான் அப்போது தோன்றியது. நானே அவர் இடத்தில் இருந்தால் அதைவிட ஜாஸ்தியாகக் கத்தியிருப்பேன்.

அவருக்குப் பின்னால் மாப்பிள்ளையின் அம்மா நின்றிருந்தார். வெறும் நெற்றி. கணவர் இறந்து சில வருடங்கள் ஆகிறது என்று மண்டபம் பார்க்க வந்தபோதே சொல்லியிருந்தார். அதுவரை ஒரு ஓரமாகவே நடந்து வந்தவர், இப்போது முன்னால் வந்தார்.

"மாமா, நம்ம பத்திரிகையில மொதல்ல யாரு பேரு இருக்குது? உங்க தம்பி பேருதான? தெய்வத்திருனு போட்டு ஊர் பூரா வெச்சோமே, அப்ப ஆவாதுனு யாரும் சொல்லலியே. அந்தம்மா புள்ள பேரு மட்டும் ஆவாதா?"

மாப்பிள்ளையின் அம்மா என்னிடம் திரும்பி, "பொண்ணு வண்டி இப்பதான் கீழ்பென்னாத்தூர்ல கெளம்புது, வர அரைமணி ஆவும். நீங்க போடுங்க" என்றார். சொல்லிவிட்டு முன் வரிசைக்குப் போய், துருக்கி அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவரைப் பார்த்து அவர்கள் வீட்டார் எல்லோரும் சீர்த்தட்டுகளைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

விளக்குகளை அணைத்தேன். புரொஜெக்டர் எரிந்தது. பெயர்கள் வரிசையாக ஏறின. யாரும் செருப்பைத் தேடவில்லை. விழாக்காரம்மா "இதோ" என்றதும், அவர் முன்பே காட்டியிருந்த பட்டனை அழுத்தி நானே நிறுத்தினேன்.

திரையில் ஒரே வரி நின்றது. அந்தத் தாய் தன் செருப்பைக் கழற்றிவிட்டு மணமேடை ஏறினார். கழற்றச் சொல்லி யாரும் சொல்லவில்லை. திரைக்கு முன்னால் கையை நீட்டினார். மகனின் பெயர் அவர் கையின் மேல் விழுந்தது. அப்போதுதான் அழுதார். மாப்பிள்ளையின் அம்மா விழாக்காரம்மாவிடம் அந்தப் பெயரைக் கேட்டு, ஒருமுறை தப்பில்லாமல் சத்தமாகச் சொன்னார். நாற்காலியில் இருந்த பெரியப்பா எழுந்து நின்றார். என்னால் அழுகையை அடக்க முடியவில்லை.

அந்தத் தாய் மேடையிலிருந்து இறங்கியதும் இரண்டு அம்மாக்களும் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்கள். பேசுவதற்கு இருவருக்கும் ஒரு பொது மொழி இல்லை. நான் போய் மன்னிப்புக் கேட்டபோது துருக்கி அம்மா என் கன்னத்தைத் தட்டிக் கொடுத்தார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

எங்கள் மண்டபத்து வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. மணமக்கள், பெற்றோர் பெயர்களை அதில் எழுதுவதும், கல்யாணம் முடிந்ததும் துடைப்பதும் என் வேலை. இப்போதெல்லாம் ஈரத்துணியைக் கையில் எடுத்தால், எழுதியிருக்கும் பெயர்களை ஒருமுறை வாய்விட்டுப் படித்த பிறகுதான் துடைக்கிறேன். துடைக்க எனக்கு ஒரு நொடி போதும், ஆனால் ஒவ்வொரு பெயரும் யாரோ ஒருத்தி பெற்ற பிள்ளை.