கறுப்பு மூலைக் கடிதம்

மிஸ்ஸுக்கு வந்த கடிதத்தை நான் ஒளித்துவைத்த அன்று மழை வரும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேறு இடத்தில் வைத்திருப்பேன். இத்தனை வருஷமாக இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளவத்தையில், கடலில் போய் முடிகிற எங்கள் ஒழுங்கையில், மிஸ் பக்கத்து வீடு. வெள்ளைக்காரி என்றால் கோபம் வரும். தன் நாடு உக்ரைன் என்பார். என்னைப் பெற்ற ஐயா அதை ரஷ்யா என்று திருத்துவார், மிஸ் ஐயாவைத் திருத்துவார். கப்பலில் வேலை பார்த்த கணவர் இங்கே காய்ச்சலில் இறந்துபோக, இவர் ஊர் திரும்புமுன் இரண்டாம் உலகச் சண்டை தொடங்கிவிட்டது. முன் ஹாலில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தார். சனிக்கிழமைகளில் தாய்மாருக்கும் எழுத்துப் படிப்பித்தார். கூப்பன் அரிசிக்கு வரிசையில் நின்று சண்டைபிடித்த பெண்கள், பிறகு மிஸ்ஸைக் கேட்காமல் சண்டைகூடப் பிடிப்பதில்லை. பீட்ரூட்டை அவித்துச் சிவப்புத் தண்ணியாய்க் குடிக்கிறவவின் வீட்டில் பச்சைத்தண்ணியும் குடிக்கக்கூடாது என்பா அம்மா. சனிக்கிழமையானால் நல்ல சேலை உடுத்திக்கொண்டு முதல் ஆளாய்ப் போவா.

மிஸ் தன் தாயின் கடிதத்துக்காகக் காத்திருந்தார். சண்டை தொடங்கிய பிறகு ஒன்றுமே வரவில்லை. பின்னேரங்களில் மிஸ் வீட்டுக் குரோட்டன் செடிகளுக்குத் தண்ணீர் விடுவது என் வேலை. மிஸ் கேற்றடிக்கு வந்து, சட்டி மண் காய்ந்திருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி, சும்மா கேட்பார்: "ஏதும் வந்ததா, பிள்ளை?"

சண்டை முடியப்போகிற வருஷம் ஒரு சனிக்கிழமை கடிதம் வந்தது. தபால்காரர் என் கையில்தான் தந்தார். முத்திரை தெரியாத ஊருடையது. உறையின் இடது மேல்மூலையில் கறுப்பு மை அப்பியிருந்தது.

எங்கள் வீட்டில் ஊரிலிருந்து மூலையில் கறுப்புப் பூசிய கடிதம் வந்தால் அது சாவுச் செய்தி. அதை வாசலுக்குள் கொண்டுவர விடமாட்டார்கள். கேற்றடியில் நின்றே வாசித்து, கிழித்துப் போட்டுவிட்டுத் தலைமுழுகுவார்கள்.  உள்ளே, மண்ணெண்ணெய்க் கூப்பன் கேட்டு எழுதிய மனுவில் பெண்கள் தங்கள் கையாலேயே முதன்முதலாகப் பெயர் எழுதிக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் பெயரை யாரோ பகிடி பண்ண, மிஸ் சிரிப்பது கேட்டது. அந்தச் சிரிப்புக்குள் இதைக் கொண்டுபோக என்னால் முடியவில்லை. கூட்டம் முடியட்டும் என்று மதிலில் இருந்த பூச்சட்டிக்கு அடியில் வைத்தேன். அதற்குள் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டா. மழையும் வந்துவிட்டது.

காலையில் எடுத்தபோது கூழ். அழுதுகொண்டே கொண்டுபோனேன்.

"ஏன் பிள்ளை ஒளிச்சனீ?"

"மூலையில கறுப்பு, மிஸ். உங்கட அம்மா செத்திட்டா எண்டு நினைச்சன்."

மிஸ் உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது சண்டைக்காலத்தில கடிதம் உடைச்சுப் பாக்கிற சென்சர்காரன்ர மை. அனுப்பினவையின்ர விலாசத்தை அழிச்சிருக்கிறான்." பிறகு உள்ளிருந்த தாளை விரல் நுனியால் பிரித்தார். மேலே ஒரு சொல் மட்டும் மிஞ்சியிருந்தது. வீட்டில் தன்னைக் கூப்பிடுகிற பெயர் என்றார். "அம்மாவின்ர கையெழுத்து. அவ இருக்கிறா."

என்னை அடிக்கவில்லை. அந்த வெறுந்தாளைக் காயவைத்து பிஸ்கற் தகரத்தில் வைத்தார். நல்ல காலம் என்று நான் நினைத்தேன்.

அதன்பிறகு மாதாமாதம் மிஸ் தன் தாய்க்கு, தெரிந்த பழைய விலாசத்துக்கே ஒரு கடிதம் எழுதி, காலி வீதித் தபாற்பெட்டியில் போட என்னிடம்தான் தருவார். என்னை இன்னும் நம்புகிறார் என்று எனக்குப் பெருமை. அடுத்த வருஷம் நான் பெரியபிள்ளையாகிப் படிப்பை நிறுத்தும்வரை அந்த வேலை என்னுடையது. சில மாதம் கழித்து மிஸ்ஸுக்கும் கடிதங்கள் வரத் தொடங்கின, ஒன்றன்பின் ஒன்றாக. நாலு மூலையையும் திருப்பிப் பார்ப்பேன். எதிலும் கறுப்பில்லை, விலாசத்தின்மேல் ஏதோ ஊதா முத்திரை மட்டும். உடனே கேற்றைத் தள்ளிக்கொண்டு, வந்திட்டுது மிஸ், வந்திட்டுது என்று உள்ளே ஓடுவேன்.

மிஸ் வாங்கிக்கொண்டு என் தலையைத் தடவுவார். "ஓம், நல்ல பிள்ளை" என்பார். என் முன்னால் ஒன்றையும் உடைத்ததில்லை.

அந்த உறைகளில் இருந்தது, நான் தபாற்பெட்டியில் போட்ட உறைகளில் இருந்த அதே கையெழுத்து.