நீலாவதியின் ரம்பமும் கொளஞ்சியின் பிளக்கும்

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்கிறவர்கள் யாரைக் கேட்டாலும் நீலாவதியைத் தெரியாது என்று சொல்ல மாட்டார்கள். அவள் அச்சு எடுத்தால் பொம்மையின் மூக்கு மூக்காகவே வரும். மற்றவர்கள் எடுத்தால் என்ன வரும் என்பதைச் சொல்லாமல் விடுவதே நல்லது. அவர்களும் பிழைக்க வேண்டும்.

அப்படிப்பட்டவள் நாற்பதைத் தாண்டிய பிறகு ஒரு ரம்பத்தின் மேல் ஆசை வைத்தாள். பொம்மை யூனிட் நடத்தும் மதிவாணன், அட்டைப்பெட்டியில் அனுப்பும் சரக்கெல்லாம் சென்னை போய்ச் சேருவதற்குள் கையும் காலும் போய்விடுகிறது என்று ஒருநாள் புலம்பினார். "நான் மரப்பொட்டி செஞ்சி தரேன்ணே" என்றாள் நீலாவதி. அச்சு ஊற்றுவதற்கு மரச்சட்டம் அடித்துப் பழகிய கை, அந்தத் தைரியம். அடுத்த மாதமே பாண்டிச்சேரியிலிருந்து பழைய ரம்ப மிஷின் ஒன்று வந்து இறங்கியது. இரண்டு வேலை தெரிந்த மிஷின் அது. மேலே மேசை, அதன் நடுவில் பிளேடு தலையை நீட்டிக்கொண்டிருக்கும், பலகையைத் தள்ளி நெடுக்காகக் கிழிக்கலாம். பூட்டைத் திருகி மாற்றினால், பிளேடு கைப்பிடியோடு கீழே இறங்கிக் குறுக்காகவும் சாய்வாகவும் அறுக்கும்.

அதைப் பார்த்ததும் அவள் புருஷன் கொளஞ்சி இரண்டடி தள்ளி நின்றான். ரயில் ஜங்ஷன் வாசலில் ஆட்டோ ஓட்டுகிறவன், லாரிக்காரனிடமே சட்டையைப் பிடிக்கிறவன், கோழை இல்லை. ஆனால் ஒரு தடவை மரவாடியிலிருந்து ஒருவனைத் துண்டு சுற்றிய கையோடு ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போயிருக்கிறான். அந்த ஆளின் விரல்கள் பாலிதீன் பையில் தனியாக வந்தன. அன்றிலிருந்து ரம்பச் சத்தம் கேட்டால் அவன் தன் விரல்களை மடக்கிக்கொள்வான்.

"வேணாம் நீலா. சாமி கண்ணு தெறக்கிற கை அது" என்று சொல்லிப் பார்த்தான். பொம்மைக்குக் கண் எழுதுவதும் அவள்தான்.

"பயமா இருந்தா போயி கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது எழுதிக் கட்டு மாமா. எம்மேல கட்டாத, மிஷினு மேல கட்டு."

அவன் கட்டினானா என்பது தெரியாது. மறுநாள் காலையில் சவாரிக்குப் போகாமல் வந்து நின்றான்.

நீலாவதி மிஷினை நிலைநிறுத்தியதைப் பார்த்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஆட்டம் காணாதபடி கால்களைத் திருகி இறுக்கினாள். கண்ணாடி வளையலைக் கழற்றி வைத்தாள். புடவைக்கு மேல் அவன் பழைய சட்டையைப் போட்டு, கையைச் சுருட்டிவிட்டு, முந்தானையை உள்ளே செருகிக்கொண்டாள்.

"பிளக்கப் புடுங்கியாச்சா மாமா?"

"புடுங்கிட்டேன்."

அதன் பிறகுதான் பிளேடு மூடியைத் தூக்கினாள். பிளேடின் பக்கத்தில் மூலைமட்டத்தை வைத்து வெளிச்சம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தாள். மயிரிழை தெரிந்தது. திருகைத் தளர்த்தி, சரித்து, மறுபடி பார்த்தாள். பலகைக்கு வழிகாட்டும் தகடு பிளேடுக்கு முன்னும் பின்னும் ஒரே தூரத்தில் நிற்கிறதா என்று அளந்தாள். மூடியை இறக்கினாள். விரலுக்குப் பதிலாகப் பலகையைத் தள்ள ஒரு கட்டை செய்து வைத்தாள்.

"இப்ப சொருகு."

கொளஞ்சியின் பிளக் உத்தியோகம் அன்று தொடங்கியதுதான். மத்தியானச் சவாரிகளை விட்டுவிட்டு, சுவரோரம் முக்காலி போட்டு உட்கார்ந்து, அவள் கை பிளேடு பக்கம் போனாலே பிடுங்கிவிடுவான். சும்மா பிடுங்குவதோடு விடமாட்டான். பிளக்கை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டிருப்பான். ஸ்டாண்டுக்காரர்கள் 'கரண்டு ஆபீசரு' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நீலாவதியும் சேர்ந்துகொண்டு சிரித்தாள். பிளக்கைப் பிடுங்கத் தனக்குக் கையில்லையா என்று கேட்டாள். ஆனாலும் அவன் முக்காலியில் இல்லாத நாளில் அவளுக்கு வேலை ஓடவில்லை. அதை அவனிடம் சொன்னால் தலைகால் தெரியாமல் ஆடுவான் என்று சொல்லவில்லை.

முதல் ஆர்டருக்கான பலகைகளையெல்லாம் அறுத்து அடுக்கி, மாதிரிக்கு ஒரு பெட்டியை மட்டும் ஆணியடித்து வைத்திருந்தாள். சாயங்காலம் லாரி. மதிவாணன் மத்தியானமே ஒரு பிள்ளையாரோடு வந்தார். வைக்கோல் போட்டுப் பிள்ளையாரை உட்கார வைத்து, மூடி, பெட்டியை ஆட்டினார். உள்ளே பிள்ளையார் திருவிழா கொண்டாடினார்.

"ஏம்மா, இந்தப் பொட்டியையும் சூளையில வெக்கப் போறியா?"

நீலாவதிக்கு உறைத்தது. களிமண் சூளையில் சுருங்கும். அதனால் அச்சுக்காரர்கள் வேண்டிய அளவைவிட எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் வைப்பார்கள். டேப்பில் சரியாகத்தான் அளந்திருக்கிறாள்; தகட்டை நகர்த்தும்போது, அவளைக் கேட்காமலே கை கூட்டிவிட்டது. எல்லாப் பலகையும் அப்படித்தான்.

"மரம் எங்கம்மா சுருங்கும்?" மதிவாணனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"கூடத்தான் இருக்குதுண்ணே, கொறச்சிடலாம். கொறைஞ்சிருந்தாதான் கஷ்டம். லாரி வர்றதுக்குள்ள தரேன்" என்றாள். முகம் சிவந்துவிட்டது. அவர் பிள்ளையாரை விட்டுவிட்டுப் போனார்.

அவசரம் என்று வந்துவிட்டால் நீலாவதியும் நீலாவதி இல்லை. நீளத்தையெல்லாம் குறைத்துவிட்டு, மிஷினை மேசையாக மாற்றி, அகலத்தைக் குறைக்க ஆரம்பித்தாள். மூலைமட்டம் வைத்துப் பார்க்க நேரமில்லை. கொளஞ்சி ஏதோ கேட்டது அவள் காதில் விழவில்லை. பாதிப் பலகை முடிந்திருக்கும், கரண்டு போயிற்று. மின்விசிறி நின்றது, பிளேடு முனகிக்கொண்டே சுற்றி ஓய்ந்தது. கிழித்த மரச்சிம்பு ஒன்று பிளேடு பள்ளத்தில் செருகிக்கொண்டு நின்றது.

"சனியன் புடிச்ச கரண்டு" என்றாள். மிஷினின் சுவிட்சு போட்டது போட்டபடியே இருந்தது. அவள் அதை நினைக்கவில்லை. மூடியைத் தூக்கினாள், இரண்டு விரலை உள்ளே விட்டுச் சிம்பைப் பிடித்து இழுத்தாள். அது வரவில்லை. இன்னும் உள்ளே விட்டாள்.

தலைக்கு மேல் மின்விசிறி சுற்றத் தொடங்கியது.

பக்கத்து வீட்டு மிக்சியும் அலறியது. நீலாவதியின் விரல்கள் பிளேடின் பற்களுக்கு நடுவில் இருந்தன. எடுக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. பிளேடு மட்டும் அசையாமல் நின்றது. மெதுவாகக் கையை வெளியே எடுத்தாள். திரும்பிப் பார்த்தாள்.

கொளஞ்சி முக்காலியில் உட்கார்ந்திருந்தான். மடியில் பிளக் இருந்தது.

"எப்பப் புடுங்குன?"

"கரண்டு போனதுமேதான். நீ எங்க சொல்ற நெலமையில இருந்த?"

நீலாவதி அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். பெரிய அச்சுகளெல்லாம் உடைந்த நாளில்கூட அவள் அழுது அவன் பார்த்ததில்லை. பிளக்கை எறிந்துவிட்டு ஓடிவந்து, மரத்தூள் ஒட்டிய அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். ரத்தம் எங்கே என்று தேடினான். ஒவ்வொரு விரலாக நீவிப் பார்த்தான், கட்டைவிரல்வரை.

"பத்தும் இருக்குதே, அப்பறம் எதுக்கு நீலா அழுவுற?"